எஞ்சின் நின்றால் எந்த வயல்? செஸ்னா ஓட்டும் மதுரைக்காரரிடம் கேள்வி பதில்

மேலூர்த் தம்பி: அண்ணே, நடுவானில் எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடுமா?

விழாது தம்பி, சறுக்கிக்கொண்டு வரும். நான் ஓட்டும் செஸ்னா 172 என்ற சின்ன ஒற்றை எஞ்சின் விமானம் ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 அடி முன்னே போகும். 3000 அடி உயரம் என்றால், காற்றில்லாத நாளில் 8 கிலோமீட்டர் கைவசம். மதுரை ஆனைமலைக்கு மேலே எஞ்சின் நின்றால் விமான நிலையம் எட்டாது, ஒத்தக்கடைப் பக்கம் வயல்தான். வேகம் 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கட்டும். மூக்கைத் தூக்கி தூரத்தை நீட்டப் பார்த்தால்தான் நீங்கள் சொன்ன கல்.

திருமங்கலத்துக்காரர்: வைகை மணலும் நான்குவழிச் சாலையும் இருக்கிறதே?

சாலையில் லாரி, மின்கம்பி, நடுத்திட்டு. மணலில் முன்சக்கரம் புதையும். பயிற்சியில் ஒருநாள் ஆசிரியர் திடீரென்று எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை இழுத்து விசையைக் குறைத்து, "சரி, எங்கே இறங்கப் போற?" என்றார். பச்சைப் பசேலென்று இருந்த இடத்தைக் காட்டினேன். "நாத்து நட்ட வயல்டா அது, சேத்துல குட்டிக்கரணம் போட்டுரும்" என்றார். அறுப்பு முடிந்து காய்ந்த வயல்தான் தோது. வரப்புக்குக் குறுக்கே போகாமல் நீளவாக்கில் இறங்க வேண்டும். சித்திரையில் வற்றிய கண்மாயும் ஆகும், சீமைக்கருவேலம் மண்டாமல் இருந்தால். காற்று எந்தப் பக்கம் என்பதைச் செங்கல் சூளைப் புகை சொல்லிவிடும். எதிர்காற்றில் இறங்கினால் தரை தொடும் வேகம் குறையும்.

உசிலம்பட்டிக்காரர்: ஏறின உடனே நின்றால் ஓடுபாதைக்கே திரும்பலாமா?

300 அடியில் அந்த ஆசையே கூடாது. திருப்பத்திலேயே உயரம் தீர்ந்துவிடும், வேகமும் போனால் இறக்கை தாங்காது. நேர் எதிரே, கொஞ்சம் இடம் வலமாகத் தெரிவதில் இறங்குவதுதான் வழி.

அண்ணாநகர் அக்கா: நல்ல எஞ்சின் ஏன் நிற்கிறது?

பாதி நேரம் நம் தப்புதான் அக்கா. பெட்ரோல் தீர்ந்திருக்கும், இல்லை தண்ணீர் கலந்திருக்கும். அதனால்தான் கிளம்புமுன் டேங்க் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்போம். விமானப் பெட்ரோல் இளநீலம், தண்ணீர் இருந்தால் அடியில் நிறமில்லாமல் குமிழாக உட்கார்ந்திருக்கும். அப்புறம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் கட்டும் பனி. வெளியே 25 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் உள்ளே பனி கட்டும். சூடான காற்றைத் திறந்துவிட்டால் உருகும்.

சோழவந்தான்: பாராசூட் கிடையாதா?

சிர்ரஸ் விமானத்தில் உண்டு, விமானத்தையே தாங்கும். செஸ்னாவில் வழக்கமாக இருக்காது.

மறுபடி மேலூர்: தரை தொடுமுன் கடைசி வேலை?

பெட்ரோலை அடைத்து, மின்சாரத்தை அணைத்து, கதவைத் திறந்து வைப்பது. விமானத்தின் உடம்பு நசுங்கினால் கதவு சிக்கிக்கொள்ளும். இடுக்கில் செருப்பைச் செருகி வைக்கச் சொல்வார் ஆசிரியர்.