தேள் எங்கே போனது?

அன்பின் ஐயா,
ஆடி மாதம் இரவு 8 மணிக்கு எங்கள் வளவில் நின்று மகளுக்குத் தெற்கே தேள் நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினேன். சிவப்பாகக் கேட்டை, வளைந்த வால், எல்லாம் தெளிவு. இப்போது தை. அதே வளவு, அதே நேரம், தேளைக் காணவில்லை. வேட்டைக்காரன் (ஓரியன்) கூட்டத்தைப் பார்ப்போம் என்றால் மழை விடவில்லை. பருவத்துக்குப் பருவம் நட்சத்திரங்கள் இடம் மாறுகின்றனவா? பார்க்க எந்த ஆப் நல்லது? ராசிபலனும் மாறுமா?
வாசகர், கல்லாறு

அன்புள்ள தம்பி,

ராசிபலனை விடுங்கள். ஆப் எதுவானாலும் சரி.

பூமி சூரியனைச் சுற்றி ஓடுவதால் எந்த நட்சத்திரமும் நேற்றைவிட இன்று சுமார் 4 நிமிடம் முந்தி உதிக்கும். மாதத்துக்கு 2 மணித்தியாலம். ஒரு வருடத்தில் கணக்கு நேராகி, அடுத்த ஆடியில் தேள் பழைய இடத்தில் நிற்கும். இது மகளுக்கே விளங்கும்.

எனக்குக் கோபம் உங்கள் 8 மணியில்தான். இராச்சாப்பாட்டுக்கு முன் ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, காணவில்லை என்று கடிதம் எழுதுகிறீர்களே, விடிய 5 மணிக்கு எழும்பிப் பார்த்தீர்களா? தென்கிழக்கே கடலுக்கு மேலே தேள் ஏறி நிற்கிறது. சூரியன் அதன் பக்கத்தில் நிற்கும் கார்த்திகையில் ஒளிந்திருந்தது, அவ்வளவுதான்.

வேட்டைக்காரனை மார்கழி, தையில் பார் என்பது குளிர்நாட்டுக்காரரின் அட்டவணை. நமக்கு அது மாரி. அதே புத்தகத்தை நம்பித்தான் துருவ நட்சத்திரத்தையும் உச்சியில் தேடுகிறோம். மட்டக்களப்பில் அது அடிவானத்திலிருந்து சுமார் 8 பாகை உயரத்திலேயே தென்னைக்குப் பின்னால் கிடக்கும். நமக்கு வேட்டைக்காரன் கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் காலத்து விடியற்காலை ஆள்.

சிறுபோக நெல் வெட்டு முடிந்து களவெட்டியில் சூடு (நெற்கதிர்ப் போர்) வைத்திருக்கும்போது பெரியப்பாவோடு காவலுக்குப் போவேன். வைக்கோலில் படுத்தால் உடம்பெல்லாம் சுணை, நித்திரை எங்கே வரும்? விடியச் சாமத்தில் பெரியப்பா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவார். அந்த நேரம் கிழக்கே மருத மரத்துக்கு மேலே மூன்று வெள்ளி, ஒன்றன்கீழ் ஒன்றாக, கீழே போகப்போகக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து. வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டி. மற்றவர்கள் மாரியில் மேகத்துக்கு நடுவே தேடப்போவதை நாங்கள் ஆடியிலேயே பார்த்து முடித்திருப்போம். "மாரி கிட்டுது, வரம்பைப் பார்க்கவேணும்" என்பார், கேத்தலில் இருந்து கண்ணை எடுக்காமல்.

இப்போது மெஷின் வெட்டி அன்றைக்கே மூட்டை கட்டிவிடுகிறார்கள். காவலும் இல்லை, விடியச் சாமத்தில் வெளியே நிற்க யாருக்கும் காரணமும் இல்லை. 8 மணி வானம்தான் வானம் என்று உங்களைப் போன்ற படித்த பிள்ளைகளே நம்பத் தொடங்கியது அதனால்தான் போலும்.

சரி, ஏசியது போதும். மழை விட்ட நாள் பார்த்து மகளை 5 மணிக்கு எழுப்புங்கள், தேளைக் காட்டுங்கள். ஆடி, ஆவணியில் அதே நேரம் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள், வேட்டைக்காரனுக்கு. பிள்ளையின் நித்திரையைக் கெடுத்ததற்கு வீட்டில் ஏச்சு விழும். அப்போது என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.