பாறைப் பொந்துக்குள் மினுமினுக்கும் படிகப் பூச்சு என்ன? எப்படி உறுதி செய்வது?

பெரும்பாலும் அது குவார்ட்ஸ், அதாவது சிலிகா என்ற பொருளாலான கனிமம். பாறையின் பொந்திலோ பிளவிலோ, ஒரு சில மில்லிமீட்டருக்கும் குறைவான படிகங்கள் நெருக்கியடித்து மூடியிருந்தால் அதை ட்ரூசி குவார்ட்ஸ் என்பார்கள்.

மகாராஷ்டிரத்தின் ஜல்கான் பக்கத்துக் கருங்கல் குவாரிகளில் இது நிறையக் கிடைக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பில் வாயுக் குமிழிகள் சிக்கி, பொந்துகளாக நின்றுவிட்டன. பின்னர் பாறைக்குள் ஊறிய வெந்நீர் சிலிகாவைக் கரைத்துவந்தது. நீர் ஆறியதும் அவ்வளவு சிலிகாவைத் தாங்க முடியாமல் சுவரில் படியவிட்டது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் படிகம் முளைத்ததால், பக்கவாட்டில் வளர இடமில்லை. நுனிகள் மட்டும் பொந்தின் உள்நோக்கி நீண்டன. பாகில் தொங்கவிட்ட நூலில் கற்கண்டு மொய்த்துக்கொள்வதும் இதே விதத்தில்தான்.

10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: ஆறு முகமுள்ள கூர்நுனிகள் தெரிய வேண்டும். பிறகு அந்தக் கல்லால் பழைய கண்ணாடி பாட்டிலில் கீறிவிட்டு, விரலால் துடைக்கவும். வெள்ளைத்தூள் போய்விட்டால் கீறவில்லை. பள்ளம் நின்றால்தான் கணக்கு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் 7, கத்தி முனையால் அதைக் கீற முடியாது. அதே குவாரிகளில் கிடைக்கும் வேறு கனிமங்களில், அபோஃபிலைட்டைக் கத்தியால் கீறலாம், கால்சைட்டை இன்னும் எளிதாகக் கீறலாம். கால்சைட்டில் வினிகர் விட்டால் நுரைக்கவும் செய்யும். கீறிப் பார்ப்பதைக் கல்லின் ஓரத்தில் மட்டும் செய்யுங்கள், நுனிகள் எளிதில் உடையும்.

கடைகளில் வானவில் நிறத்தில் ஜொலிப்பதை இயற்கை நிறம் என்று பலர் நம்புகிறார்கள். அது டைட்டானியம் போன்ற உலோகத்தை ஆவியாக்கிப் படியவைத்த செயற்கைப் பூச்சு.