அய்யா வைகுண்டர் சமூகச் சீர்திருத்தவாதியா, மதத்தை நிறுவியவரா, இல்லை அவதாரமா?

எங்கள் ஊரிலிருந்து, அய்யாவின் தலைமைக் கோயில் இருக்கும் சுவாமித்தோப்புக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். அம்மா வீட்டில் தாங்கல், அதாவது அய்யாவை வழிபடும் சிறு கோயில்; அப்பா வீட்டில் சர்ச். கன்னியாகுமரி மாவட்டத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கேள்வியில் இருக்கும் மூன்றில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் என்னால் முடியாது. சீர்திருத்தவாதி என்று மட்டும் எழுதுகிறவர்கள் அவர் என்ன நம்பினார் என்பதைச் சங்கடமாக ஒதுக்கிவிடுகிறார்கள். அவதாரம் என்று மட்டும் பாடுகிறவர்களுக்கு அந்தக் காலத்து வரிக் கணக்கு ஞாபகம் வருவதில்லை. அவருடைய சாமியும் அவருடைய சண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன.

1809-இல் பிறந்தார். அப்பா பொன்னு நாடார், அம்மா வெயிலாள். அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடி. பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பேர் வைத்தார்கள். பனையேறுகிற சாதியில் பிறந்த பிள்ளைக்கு 'முடிசூடும்' என்ற சொல்லா என்று மேல்சாதிக்காரர்கள் கிளம்ப, முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் பேரைக்கூட அடுத்தவன் முடிவு செய்த ஊர் அது. தலையில் துண்டு கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பெண்கள் இடுப்பில் குடம் வைக்கக் கூடாது, தோளில் சீலை போடக் கூடாது. தலைக்கு வரி, பனைக்கு வரி, இதற்கெல்லாம் மேல் கூலியில்லாத ஊழியம். கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஆனால் நாயர் பெண்களைப் போல மேல்சீலை அணியக் கூடாது என்று 1829-இல் அரசு மறுபடியும் ஆணை போட்டது. முத்துக்குட்டிக்கு அப்போது 20 வயது.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அவருக்குக் கடுமையான நோய் வந்தது. 1833 மாசி மாதம், திருச்செந்தூர்த் திருவிழாவுக்குப் போனால் தீரும் என்று உறவினர்கள் தூளி கட்டித் தூக்கிப் போனார்கள். அங்கே கடலுக்குள் இறங்கினார், காணவில்லை. மூன்றாம் நாள் கரையேறினார். நடந்ததாகச் சொல்லப்படுவது இவ்வளவுதான். அடியார்களின் நம்பிக்கை இதைவிட நுட்பமானது. கடலுக்குள் போனவர் முத்துக்குட்டி, வெளியே வந்தவர் நாராயணருக்கும் மகாலட்சுமிக்கும் பிறந்த வைகுண்டர். ஓடி வந்து கட்டிக்கொள்ளப் போன வெயிலாளிடம், நான் உன் மகன் இல்லை, நாராயணரின் மகன் என்று சொன்னாராம். என் ஆச்சி இந்த இடத்தைச் சொல்லும்போது எப்போதும் வெயிலாள் பக்கம்தான் நின்று பேசுவாள்.

பிறகு பூவண்டன் தோப்பில், அதாவது இன்றைய சுவாமித்தோப்பில், ஆறு வருடத் தவம். மூன்று கட்டமாக, முதல் கட்டம் ஆறடிக் குழிக்குள். கலியுகம் முடிய ஒரு தவம், தாழ்த்தப்பட்ட மக்களுக்காக ஒரு தவம், பெண்களுக்காகவும் முன்னோர்களுக்காகவும் ஒரு தவம் என்பார்கள். நோயாளிகள் வந்தால் தண்ணீரும் மண்ணும்தான் மருந்து. ஆடு கோழி பலி கொடுக்காதே, பேய்க்குப் பயப்படாதே, சாமிக்குக் காணிக்கை எதற்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்தால் அதிகாரிகளுக்கு வயிறு கலங்கும்தானே.

சரி, அவர் நம்பியது என்ன? 1841-இல் அவருடைய சீடர் அரிகோபாலன் எழுதிய அகிலத்திரட்டு அம்மானைதான் இதற்கு அடிப்படை. உலகம் எட்டு யுகம். குறோணி என்ற அசுரனை ஆறு துண்டாக வெட்டுகிறார் திருமால். யுகத்துக்கு ஒரு துண்டாக அது மறுபடி மறுபடி பிறக்கிறது. இராவணன் ஒரு துண்டு, துரியோதனன் ஒரு துண்டு. கடைசித் துண்டு கலி. அதற்குப் பத்துத் தலையும் கிடையாது, கதாயுதமும் கிடையாது. மனிதர்களுக்குள் மாயையாகப் புகுந்துகொள்வது. அந்தக் கலிக்கு ஆட்பட்டவன் நீசன். இங்கேதான் நிமிர்ந்து உட்கார வேண்டும். திருவிதாங்கூர் மன்னனைக் கலிநீசன் என்றும் வெள்ளைக்காரனை வெண்நீசன் என்றும் அந்த நூல் அழைக்கிறது. வரி, ஊழியம், அடி உதை எல்லாம் நீசன் செய்கிற வேலை. புராணம் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அரசாங்கத்தைப் பெயர் சொல்லித் திட்டிவிடுகிறார்!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. பூமிக்கு வரும் கலியனை வழியில் ஒரு பண்டாரமாக வேடம் போட்ட திருமால் மறிக்கிறார், சண்டைக்கு வா என்கிறார். ஆயுதம் இல்லாத ஆண்டியோடு நான் எப்படிச் சண்டை போடுவேன் என்று அவன் மறுக்கிறான். அப்படியானால் பண்டாரங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய் என்று வாங்கிவிடுகிறார். அதனால்தான் வைகுண்டர் பண்டாரமாக வந்தார், கையில் வாள் இல்லாமல். மன்னனின் ஆள்கள் சத்தியத்தை மீறி அவரைத் தொட்டார்கள், அதோடு கலியின் கணக்கு முடிந்தது என்பது நூலின் வாதம். அடிபட்டவன் திருப்பி அடிக்காமலே ஜெயிக்க இதைவிடக் கெட்டிக்காரத்தனமான காரணம் யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

மன்னன் யார் என்கிறீர்களா? கச்சேரி மேடைகளில் கீர்த்தனைகளுக்காகக் கொண்டாடப்படும் அதே சுவாதித் திருநாள்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் முதலில் அய்யாவை ஜெயிலில் போட்ட ராஜாவாகத்தான் அறிமுகமாவார். அப்புறம்தான் சங்கீதம். சுசீந்திரத்தில் விசாரணை, பிறகு நடத்தியே திருவனந்தபுரம், சிங்காரத்தோப்பில் மூன்று மாதத்துக்கும் மேல் சிறை. புலிக்கூண்டின் முன் நிறுத்தினார்கள், சுண்ணாம்புச் சூளையில் போட்டார்கள் என்று கதைகள் உண்டு. அவை நம்பிக்கையைச் சேர்ந்தவை. 1839-இல் விடுதலை. உன் சாதிக்கு மட்டும் போதனை செய்துகொள் என்று எழுதிக் கேட்டதாகவும் அவர் மறுத்ததாகவும் சொல்வார்கள்.

திரும்பி வந்து அவர் செய்தது உண்மையில் ஒரு பயிற்சி முகாம். 700 குடும்பங்களைக் கடற்கரையில் வாகைப்பதிக்கும் பிறகு முட்டப்பதிக்கும் அனுப்பினார். மீன், கறி கிடையாது. தினமும் குளி, துணியைத் துவை, எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடு. துவையல் தவசு என்று பேர். சுத்தமில்லாதவன் என்று ஒதுக்கிவைத்தவர்களுக்கு இதைவிட நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. சுவாமித்தோப்பில் முத்திரிக் கிணறு வெட்டி எல்லாச் சாதிக்கும் ஒரே தண்ணீர் என்றார். பாடம் சொல்லிக்கொடுக்கவும் சாப்பாடு போடவும் ஊர் ஊராக நிழல் தாங்கல்கள் எழுந்தன.

இன்றும் பதி என்கிற அய்யாவின் கோயிலுக்குள் போகிற ஆண் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்டித்தான் போக வேண்டும். மற்ற கோயிலில் தலையில் துண்டு இருந்தால் எடுக்கச் சொல்வார்கள், இங்கே இல்லாவிட்டால் கட்டச் சொல்வார்கள். தலையில் துண்டு கட்டக் கூடாது என்று ஆணை போட்டவர்களுக்கு அது பதில். பள்ளியறையில், அதாவது கருவறையில், சிலை கிடையாது. கண்ணாடியும் விளக்கும்தான். நெற்றியில் மேல்நோக்கி எரியும் தீச்சுடர் போல வெள்ளை நாமம்.

1851-இல் வைகாசி மாதம் காலமானார், அடியார்கள் சொல்வதுபோல் வைகுண்டம் போனார். தோள்சீலை உரிமை அறிவிப்பு வந்தது 1859 ஜூலையில். அதை அவர் பார்க்கவில்லை. அந்த உரிமையை அவர் தனியாக வாங்கிக் கொடுத்தார் என்று சில கட்டுரைகளில் வருவதை நான் ஏற்கவில்லை. மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் வேலை செய்த லண்டன் மிஷன் பாதிரியார்கள், சென்னை கவர்னரின் அழுத்தம், தெருவில் அடி வாங்கிய பெண்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. பாதிரியார்களுக்கு அய்யாவைப் பிடிக்காது என்பது வேறு கதை. தங்களிடம் வர வேண்டிய ஆட்கள் முத்துக்குட்டியிடம் போகிறார்கள் என்று அவர்களின் அறிக்கைகளே புலம்புகின்றன.

கடைசியாக, அய்யாவைப் பின்பற்றும் இந்த அய்யாவழி தனி மதமா என்ற கேள்வி. அரசின் மக்கள்தொகைக் கணக்கில் இந்து. அய்யாவழிக்காரர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. தனி மதம் என்று வாதாடுகிறவர்களும், வைணவத்தின் ஒரு கிளை என்று நினைக்கிறவர்களும் ஒரே தேரை இழுக்கிறார்கள். நேரில் பார்க்க நினைத்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். உச்சிப்படிப்பு என்கிற நண்பகல் வழிபாடு முடிந்ததும் சாப்பாடு உண்டு. முதலில் முத்திரிக் கிணற்றில் குளித்துவிட்டுப் போகச் சொல்வார்கள், மாற்று வேட்டியும் தலைக்கு ஒரு துண்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.