வெள்ளையடித்த சுவரே திரை

மேலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் 19 வருடமாக அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் கணினியையும் கைபேசியையும் எப்படிப் பயன்படுத்துவது என்று மதுரை சுற்றுவட்டார ஆசிரியர்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

உசிலம்பட்டி ஆசிரியை: முதலில் எப்படித் தொடங்கினீர்கள் சார்?

தப்பாகத்தான் தொடங்கினேன் டீச்சர். பாடத்தை அப்படியே பவர்பாயிண்ட்டில் தட்டச்சு செய்து சுவரில் காட்டினேன். பிள்ளைகள் பாடவேளை முழுக்கப் பார்த்து எழுதினார்கள், அவ்வளவுதான். அப்புறம் வீடியோவுக்கு மாறினேன். ஆசையாகப் பார்த்தார்கள். மறுநாள் கேட்டால் பின்னணி இசைதான் நினைவில் இருந்தது. இப்போது இரண்டு நிமிடம் ஓடியதும் நிறுத்திவிடுவேன். "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் நோட்டில் எழுதிய பிறகுதான் மேலே ஓட்டுவேன். தான் எழுதியது சரியா என்று பார்க்கிற பிள்ளையின் கண்ணே வேறு மாதிரி இருக்கும்.

திருமங்கலம் ஆசிரியர்: கணினியில் செய்து காட்டினால் நிஜச் சோதனை தேவையில்லையா?

நிஜம்தான் முதலில் சார். தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் கம்பியில் ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி ஆட்டினால், 10 அலைவுக்கு (ஒருமுறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு) ஏறக்குறைய 20 விநாடி ஆகும். நூலைக் கால் மீட்டராகக் குறைத்தால் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். "அஞ்சு விநாடி சார்" என்று வகுப்பே சொல்லும். எண்ணிப் பார்த்தால் 10 விநாடி. அந்தக் குழப்பத்தில்தான் பாடம் தொடங்குகிறது. எண்ணுவதில் சண்டை வந்தால், கைபேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டுங்கள்.

கணினி எங்கே வேண்டும் என்றால், நம் கை எட்டாத இடத்தில். "நிலாவில் ஆட்டினால்?" என்று ஒரு பையன் கேட்டான். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தருகிற ஃபெட் தளத்தில் ஊசல் சோதனை இருக்கிறது. அதில் புவியை நிலாவாக மாற்றலாம். ஈர்ப்பு ஆறில் ஒரு பங்காகக் குறைவதால், அதே ஒரு மீட்டர் ஊசல் ஓர் அலைவுக்குக் கிட்டத்தட்ட 5 விநாடி எடுக்கும். ஜன்னலில் கல்லை ஆட்டிய பிள்ளைக்குத்தான் அந்த 5 விநாடியின் அருமை புரியும்.

சேடபட்டி ஆசிரியை: எங்கள் ஊரில் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. புரொஜெக்டருக்குத் திரையும் கிடையாது.

வெள்ளையடித்த சுவரே போதும் டீச்சர். வெயில் விழும் ஜன்னலை மட்டும் பழைய சார்ட்டால் மறையுங்கள். காசு இருந்தால் முதலில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். கடைசி பெஞ்சுக்குச் சத்தம் எட்டாவிட்டால் எந்தப் படமும் வீண். நெட்டுக்கு முந்தின நாளே ஏற்பாடு செய்ய வேண்டும். புத்தகத்தின் க்யூஆர் குறியீட்டை, அரசின் பாடச் செயலியான திக்ஷாவில் படித்து வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஃபெட் சோதனைகளையும் அப்படி இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும்.

வாடிப்பட்டி ஆசிரியர்: நான் அடித்த வினாத்தாள் வேறு கணினியில் திறந்தால் கன்னாபின்னாவென்று தெரிகிறது.

பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலமாகத்தான் தெரியும். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாறிவிடுங்கள்.

மதுரை ஆசிரியை: ஏஐயிடம் கேள்வி தயாரிக்கலாமா சார்?

தயாரிக்கலாம். ஆனால் ஒவ்வொன்றையும் நீங்களே போட்டுப் பாருங்கள். நம் புத்தகத்தில் நிறை வேறு, எடை வேறு. அது இரண்டையும் கலந்துவிடக்கூடும். மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும் அதில் ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கிற தலைமை ஆசிரியர்: 57 வயதில் இதையெல்லாம் கற்க முடியுமா?

முடியும் ஐயா. இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு பாடம், ஒரே ஒரு கருவி போதும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கற்றுக்கொள்ளுங்கள். எனக்குப் பல பொத்தான்களைக் காட்டிக்கொடுத்தது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான்.

அலங்காநல்லூர் ஆசிரியை: பாதி வீட்டில் அப்பாவின் போன் ராத்திரிதான் வருகிறது. வீட்டுப்பாடம் எப்படிக் கொடுப்பது?

போன் கேட்கிற வீட்டுப்பாடத்தை நான் கொடுப்பதே இல்லை டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஒரு குச்சியை நேராக நட்டு, பதினொன்றரையிலிருந்து ஒரு மணி வரை கால் மணிக்கு ஒருமுறை நிழலை அளந்து நோட்டில் எழுதி வரச் சொல்வேன். திங்கள்கிழமை எல்லா அளவையும் எக்ஸெலில் ஏற்றி, பிள்ளைகளே வரைபடம் போடுவார்கள். நிழல் மிகக் குட்டையாவது 12 மணிக்கு என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நம் மதுரைக்கு அது வருடச் சராசரியாக 12.17 வாக்கில் வரும். நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கக் கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது, மதுரையோ அதற்கு மேற்கே 78 பாகையில் இருக்கிறது, அதனால் சூரியன் நமக்கு உச்சிக்கு வரச் சற்றுத் தாமதமாகும். "கடிகாரம் தப்பா சார்?" என்று கேட்பார்கள். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள், ஒரு நாள் விட்டுப் பிடியுங்கள்.