மெஷினுக்கு லோன் எடுக்க முன் ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கள்

கேள்வி: கிளிநொச்சியில் வறுத்த அரிசிமா செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். மாதம் 900 கிலோ வரை போகிறது. வியாபாரம் ஓடுகிறது, ஆனால் கையில் காசு நிற்பதில்லை. இப்போது வெளி மில்லில் கூலிக்குத்தான் அரைக்கிறேன். 5 லட்சம் லோன் எடுத்துச் சொந்தமாக மெஷின் போடச் சொல்கிறார்கள். வட்டி 15 வீதமாம், மூன்று வருடத்தில் கட்டி முடிக்கலாமாம். எனக்குக் கணக்குத் தெரியாது. படித்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டுமா?

பதில்: வகுப்புக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த முடிவுக்குத் தேவையான கணக்கு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல்தான். ஆனால் அதைப் போட்டுப் பார்க்க முன் கையெழுத்து வைக்காதீர்கள்.

முதலில், காசு எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒரு சீஆர் கொப்பி (தடித்த மட்டை போட்ட கோடிட்ட கொப்பி) வாங்கி, திகதி, விபரம், வரவு, செலவு, மீதி என்று கோடு போடுங்கள். கடைக் காசுக்குத் தனி டப்பா வையுங்கள். பொழுதுபட எண்ணும்போது டப்பாவில் இருப்பதும் கொப்பியின் மீதியும் ஒத்துவர வேண்டும். பிள்ளையின் டியூசன் காசை அந்த டப்பாவிலிருந்து எடுத்தால் அதையும் எழுதுங்கள், ‘வீட்டுக்கு’ என்று. கொப்பியின் கடைசிப் பக்கங்கள் கடனுக்கு. ‘4ஆம் திகதி, முறிகண்டிக் கடை, 20 பைக்கற், 8,000. தந்தது 3,000. நிலுவை 5,000.’ இப்படி எழுதினால் போதும். அந்த 5,000 ரூபாயும் உங்கள் விற்பனைதான், அதில் இலாபமும் இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டு நாளைக்கு அரிசி வாங்க முடியாது. உங்கள் கையில் காசு நிற்காததற்குப் பெரும்பாலும் இந்த நிலுவைகளும் வீட்டுச் செலவும்தான் காரணமாக இருக்கும்.

சரி, இப்போது மெஷினுக்கு வருவோம். கீழே வரும் விலைகள் உதாரணத்துக்கு. உங்கள் விலைகளைப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ மாவைக் கடைக்கு 400 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள் என்று வைப்போம். அரிசி 250, அரைகூலி 20, விறகு 12, பையும் லேபலும் 18. மொத்தம் 300. கிலோவுக்கு 100 ரூபாய் மிஞ்சுகிறது. விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் போகிற செலவு வேறு: வாடகை 12,000, உதவிக்கு வருபவரின் சம்பளம் 30,000, போன், பஸ் எல்லாம் சேர்த்து 3,000, உங்கள் சம்பளம் 35,000. ஆக 80,000. உங்கள் சம்பளத்தைப் பலர் சேர்ப்பதில்லை. அதை விட்டால் கணக்கே பிழைத்துவிடும். 80,000ஐ 100ஆல் வகுத்தால் 800. மாதம் 800 கிலோ விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதற்குக் குறைந்தால் நட்டம். நீங்கள் விற்கும் 900 கிலோவில் இலாபம் 10,000 ரூபாய்.

மெஷின் வந்தால் 20 ரூபாய் அரைகூலி மிச்சம். கரண்டுக்கு 8 ரூபாய் போனால் கிலோவுக்கு 12 ரூபாய். 900 கிலோவுக்கு 10,800. தவணை எவ்வளவு? லோன் தரும் லீசிங்காரர் சொல்லும் 15 வீதம் ‘பிளாட் ரேட்’ ஆக இருக்கலாம். அதாவது நீங்கள் கட்டக் கட்ட வாங்கிய கடன் குறைந்தாலும் வட்டி முழு 5 லட்சத்துக்கும் மூன்று வருடம் ஓடும். வட்டி 2,25,000, மொத்தம் 7,25,000, மாதத் தவணை 20,139. குறைந்துவரும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் இதைப் பார்த்தால் வருடத்துக்கு 26 வீதத்துக்குக் கிட்ட வருகிறது. இந்த வித்தியாசத்தை நீங்கள்தான் கேட்டறிய வேண்டும். ‘பிளாட்டா, குறையும் நிலுவைக்கா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இப்போதைய இலாபம் 10,000, மிச்சமாகும் கூலி 10,800, இரண்டிலுமிருந்து தவணையைக் கழித்தால் 661 ரூபாய். பெல்ட் ஒன்று அறுந்தால் அதுவும் போய்விடும். அரைகூலி மிச்சத்தை மட்டும் வைத்துத் தவணை கட்ட மாதம் 1,680 கிலோ அளவில் அரைக்க வேண்டும். அயலவர்களின் அரிசியையும் மிளகாயையும் கூலிக்கு அரைத்துக் கொடுத்து அந்த இடைவெளியை நிரப்பலாம் என்றால் யோசிக்கலாம். அதற்கு எத்தனை பேர் வருவார்கள் என்று முதலில் விசாரியுங்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு மெஷின் உங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதுவரை தவணை தவறக்கூடாது.

வன்னியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இங்கே காசு புழங்குவது பெரும்போக அறுவடை முடியும் மாசி, பங்குனியில். நிலுவையில் எடுத்த கடைக்காரர் தருவதும் அப்போதுதான். நெல் மலிவாகக் கிடைப்பதும் அப்போதுதான், கையிலிருக்கும் காசை அதில் போட்டுவிடத் தோன்றும். தவணையோ ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மாதாமாதம் வரும். அதனால் 12 மாதத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி, எந்த மாதம் எவ்வளவு உள்ளே வரும், வெளியே போகும் என்று போடுங்கள். மீதி சைபருக்குக் கீழே போகும் மாதங்கள் தெரிந்துவிடும். போருக்குப் பிறகு இங்கே எத்தனையோ பெண்கள் ஒரு நுண்கடனை (சிறு தொகைக் கடனை) அடைக்க இன்னொன்று எடுத்தார்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுடைய ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசே முன்வர வேண்டியிருந்தது. அந்த நிலை உங்களுக்கு வரக்கூடாது.

என் கருத்து: இப்போதைக்கு மெஷின் வேண்டாம். மூன்று மாதம் கொப்பி எழுதுங்கள், நிலுவையில் பாதியையாவது வசூலியுங்கள். அப்புறம் உங்கள் சொந்த எண்களை வைத்து இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

படிக்க ஆசை இருந்தால், 10ஆம், 11ஆம் ஆண்டு ‘வணிகக் கல்வியும் கணக்கீடும்’ பாடநூல் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமே இருக்கும். பிரதேச செயலகத்தில் சிறுதொழில் அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையும் சந்தியுங்கள். போகும்போது கொப்பியைக் கொண்டுபோங்கள். அதைப் பார்த்தால்தான் அவரும் உங்கள் வியாபாரத்துக்குப் பொருந்தும் ஆலோசனை சொல்ல முடியும்.