ஒரே வயதுப் பிரிவு, பதினோரு மாத வித்தியாசம்

கேள்வி: தூத்தூர் பக்கம் கடற்கரை ஊர் எங்களுக்கு. மகனுக்கு 13 நடக்கிறது. தினமும் சாயங்காலம் கடற்கரையில் கால்பந்து விளையாடுவான். இந்த வருடம் 14 வயதுக்கு உட்பட்டோர் டீமில் அவனை எடுக்கவில்லை. பயிற்சிக்கே ஒழுங்காக வராத அவன் கூட்டுக்காரனை எடுத்துவிட்டார்கள். இருவரும் ஒரே வருடம் பிறந்தவர்கள்தான். அவன் பொங்கல் சமயம், இவன் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். "அவனுக்குப் பிறவியிலேயே வரும், எனக்கு வராது" என்று அழுகிறான். திறமை பெரிதா, உழைப்பா? நான் என்ன சொல்லட்டும்?

பதில்: அன்புச் சகோதரி, பொங்கலும் கிறிஸ்துமஸும் என்று எழுதினீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. வயதுப் பிரிவை பெரும்பாலும் ஜனவரி 1-ஐ வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். இருவருக்கும் நடுவே பதினோரு மாதம். உடம்பு வேகமாக வளர்கிற இந்த வயதில், அது உயரத்திலும் ஓட்டத்திலும் நன்றாகத் தெரியும். சிறுவர் கால்பந்து அணிகளில் வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாவதைப் பல நாடுகளில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தப் பையனிடம் திறமை இல்லை என்று சொல்லவில்லை. அவன் தேர்வானதில் எவ்வளவு திறமை, எவ்வளவு வளர்த்தி என்று இப்போதே யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பிறவித் திறமை என்பது உண்டு, அதை மறைத்து மகனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். 88 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் வெளியான அலசல் ஒன்றில், விளையாட்டில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதத்தைத்தான் பயிற்சியை வைத்து விளக்க முடிந்தது. அதற்காக மீதி எல்லாம் பிறவி என்று ஆகிவிடாது. உடல்வாகு, ஆரம்பித்த வயது, சொல்லித்தர ஆள், வாய்ப்பு எல்லாம் அதில் வரும்.

உழைப்பிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உளவியல் ஆய்வாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழு 1993-இல் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி ஆய்வு வெளியிட்டது. மிகச் சிறந்தவர்கள் 18 வயதுக்குள் சராசரியாக 7,410 மணி நேரம் பயிற்சி செய்திருந்தார்கள். அடுத்த நிலையில் இருந்தவர்கள் 5,301. கணக்கில் எடுத்தது தனியாகச் செய்த பயிற்சியை மட்டும். உங்கள் மகன் சாயங்காலம் ஆடுவது ஆட்டம். அது அவனுக்குச் சந்தோஷம், நிறுத்தவே கூடாது. ஆனால் ஆட்டத்தில் நன்றாக வருகிற காலால்தான் எல்லாரும் உதைப்போம். வராத கால் அப்படியே கிடக்கும். மணலில் பந்து சரியாக உருளாது என்பதால் தரையோடு பாஸ் கொடுக்கவும் பழக்கம் வராது.

அதனால் ஆட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம், கெட்டியான தரையில் ஒரு சுவரைப் பார்த்து வராத காலால் மட்டும் அடிக்கட்டும். திரும்பி வரும் பந்தை ஒரே தொடுதலில் நிறுத்தட்டும். கோச்சிடம் "ஏன் எடுக்கவில்லை" என்று சண்டைக்குப் போகாமல், "இவன் எதைத் திருத்தணும்?" என்று கேளுங்கள். பதிலை மகனும் கூட நின்று கேட்கட்டும்.

உங்கள் பக்கத்து இரவிபுத்தன்துறை கால்பந்து வீரர் மைக்கேல் சூசைராஜ், ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் வரை போனவர். அவரைக் காட்டி "நீயும் அப்படி வரணும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அழுகிற பிள்ளைக்கு அது இன்னும் பாரம். "மக்கா, அவன் உன்னைவிட பதினோரு மாசம் மூத்தவன், அடுத்த செலக்‌ஷனுக்கு இடது காலைத் தயார் பண்ணு" என்று சொல்லுங்கள். இடது கால் ஏற்கெனவே நன்றாக வந்தால், வலது கால்.