பட்டியலில் இல்லாத வீடுகள்: சமூக ஆய்வு பற்றி வாசகர் கேள்விகள்

இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளே அதிகம். பல்கலைக்கழக ஆய்வு, தொண்டு நிறுவனக் கணக்கெடுப்பு, ஊர்ச்சங்கம் தானே செய்யும் விவரத்திரட்டு என்று கேட்டவர்களின் நோக்கம் பலவகை. சமூகவியல், வரலாறு, சட்டம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் கூடிப் பதில் எழுதியிருக்கிறோம்.

நுண்கடனில் சிக்கிய குடும்பங்கள் பற்றி இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். என் கிராம உத்தியோகத்தர் பிரிவில் 240 குடும்பங்கள். மேற்பார்வையாளர் அட்டவணையைப் பார்த்து 148 எடுக்கச் சொன்னார். எப்படித் தெரிவுசெய்வது?
– சமூகவியல் மாணவி, மூதூர்

எண் சரிதான். எத்தனை பேருக்கு எத்தனை பேரை மாதிரியாக எடுக்கலாம் என்று கிரெய்சியும் மோர்கனும் 1970இல் வெளியிட்ட அட்டவணையில் 240க்கு எதிரே 148 என்றுதான் இருக்கும். ஆனால் ஊர் முழுவதற்கும் ஒரேயொரு விகிதம், ஐந்து சதவீதப் புள்ளி முன்பின்னாக வேண்டும் என்றால் மட்டுமே அந்த எண் போதும். பெண் தலைமைக் குடும்பங்களை மற்றக் குடும்பங்களோடு ஒப்பிடாமல் நுண்கடன் ஆய்வு செய்வதில் அர்த்தமில்லை. அந்த ஒப்பீட்டுக்கு அட்டவணை உதவாது.

உங்கள் பிரிவில் பெண் தலைமைக் குடும்பங்கள் 48 என்று வைத்துக்கொள்வோம். 240ஐயும் ஒன்றாகக் குலுக்கி 148 எடுத்தால் அவற்றில் 30 அளவுதான் வரும். அந்த முப்பதை மேலும் வயது, தொழில் என்று பிரித்தால் கையில் ஒன்றும் நிற்காது. அதைவிட 48 வீடுகளையும் முழுதாக எடுங்கள். மிச்ச 192இல் 100ஐக் குலுக்குங்கள். கூட்டினால் அதே 148. ஊர் முழுவதற்குமான விகிதத்தைக் கணிக்கும்போது மட்டும், குலுக்கி எடுத்த வீடு ஒவ்வொன்றையும் 1.92 ஆகவும், பெண் தலைமை வீட்டை 1 ஆகவும் எண்ண வேண்டும். இந்த நிறையைப் போட மறந்தவர்களின் அறிக்கையில் ஊரில் மூன்றிலொரு வீடு பெண் தலைமை வீடாகிவிடும். உண்மையில் அது ஐந்திலொன்று.

இதைவிடப் பெரிய சிக்கல் அந்த 240தான். கிராம உத்தியோகத்தரின் பட்டியல் நிருவாகத் தேவைக்காக இருப்பது. பெற்றோர் வளவுக்குள் தனிக்கொட்டில் போட்டு வாழும் இளம் குடும்பம் அதில் தனியாக இராது. 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பதிவு ஓர் ஊரிலும் படுக்கை வேறோர் ஊரிலுமாக இருப்பவர்கள் இன்னும் உண்டு. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்களின் பதிவு இழுபடுவதும் வழக்கம். கடன் கழுத்தை நெரித்து இரவோடிரவாக ஊரைவிட்டுப் போன குடும்பத்தின் பெயரோ பட்டியலில் அப்படியே கிடக்கும். உங்கள் தலைப்புக்கு மிக வேண்டியவர்களையே பட்டியல் தவறவிடுகிறது.

ஆகவே குலுக்கலுக்கு முன் இரண்டு நாள் ஒதுக்கி ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து வீடுகளை வரைபடத்தில் குறியுங்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம் என்ற வரையறையைக் கடைசிவரை மாற்றாதீர்கள். மிட்வைஃபிடம் உள்ள தம்பதியர் பதிவேடு பெரும்பாலும் புதிதாக இருக்கும். பெயர்களைக் கேட்காமல், வரைபடத்தில் எந்தப் பக்கம் வீடுகள் விடுபட்டுள்ளன என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுக்கவே கூடாது. பகலில் பூட்டிக் கிடப்பது கூலிக்குப் போகும் பெண்ணின் வீடு. அயல் வீட்டில் ஆள் இருப்பதே அங்கே வேறு வருமானம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். மூன்று முறை போங்கள், அதில் ஒன்று மாலை ஐந்துக்குப் பின். அப்போதும் இல்லையென்றால் ‘சந்திக்கவில்லை’ என்று பதிந்து, அந்த எண்ணிக்கையை அறிக்கையில் எழுதுங்கள்.

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மாதர் சங்கம் கடன் நிலைமை பற்றி வீடு வீடாகக் கேட்கிறது. ஊருக்கே தெரிந்த கடனாளி கூட “கடன் ஒன்றும் இல்லை” என்கிறார். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, கிண்ணியா

வஅலைக்கும் ஸலாம். “கடன் இருக்கிறதா?” என்ற கேள்வியை எடுத்துவிடுங்கள். வட்டி ஹராம் என்று அறிந்த வீட்டில் அது குற்றச்சாட்டுப் போலத்தான் ஒலிக்கும். ‘திருப்பிக் கொடுக்க வேண்டியவை’ என்று தலைப்பிட்டு ஒவ்வொரு வழியாகக் கேளுங்கள்: கடைக் கொப்பி, கைமாற்று, நகை அடகு, சீட்டில் எடுத்துவிட்டு இன்னும் கட்டுவது, கிழமைக் கடன், ஆட்டோ லீசிங், வங்கி, வெளிநாடு போகும்போது முகவரிடம் வாங்கியது. கூச்சம் குறைந்த கடைக் கொப்பியில் தொடங்கினால் மற்றவை தானாக வரும்.

ஒவ்வொரு கடனுக்கும் மூன்று விவரம் வேண்டும்: யார் பெயரில் எடுத்தது, பணம் யார் கைக்குப் போனது, தவணையை யார் கட்டுகிறார். ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் குழுக்கடனில் இம்மூன்றும் மூன்று பேராக இருப்பது சாதாரணம். தன் பெயரில் எடுத்துத் தம்பிக்கோ அயலவருக்கோ கொடுத்தவர் அதைத் தன் கடனாக நினைக்கவே மாட்டார். அவர் “இல்லை” என்பது பொய்யுமல்ல.

வட்டி வீதத்தை அவர்களிடம் கேட்காதீர்கள், நீங்களே கணக்கிடுங்கள். கையில் வந்த தொகை, கிழமைத் தவணை, எத்தனை கிழமை ஆகிய மூன்றும் போதும். 50,000 ரூபாய்க்கு ‘24 சதவீதம்’ என்று சொல்லி 52 கிழமையில் 62,000 வாங்கினால் தவணை 1,192 ரூபாய். முதல் கிழமை கழியக் குறைந்துகொண்டே போகும் கடனுக்கும் முழுத் தொகைக்கே வட்டி போட்டிருப்பதால், உண்மையான ஆண்டு வட்டி ஏறக்குறைய 44 சதவீதம். முதலிலேயே ‘செலவு’ என்று 2,000 கழித்து 48,000தான் கொடுத்திருந்தால் அது 53ஆக ஏறும். எக்செலில் ‘ரேட்’ என்ற சூத்திரத்தில் 52, தவணை, கையில் வந்த தொகை மூன்றையும் போட்டு, வரும் விடையை 52ஆல் பெருக்கினால் சரி. தவணைக்குக் கழித்தல் குறி போடாவிட்டால் பிழை காட்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. தவணை வசூலிக்க வரும் நாளில் கோப்பும் தோள்பையுமாகப் போகாதீர்கள். உங்களையும் வசூலுக்கு வந்தவர் என்று எண்ணிக் கதவைச் சாத்துவார்கள். குழுத் தலைவியை வழிகாட்டியாகக் கூட்டிப்போகவும் வேண்டாம். தவணை தவறினால் முதலில் வாசலுக்கு வருவது அவர்தான். மறுபக்கம், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் வரையான நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்ததை மக்கள் மறக்கவில்லை. இது அப்படியொரு பதிவு என்று நினைத்தால் கடன் ஊதிப் பெருக்கும். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவுக்குரிய கணக்கெடுப்பு என்று நினைத்தால் வீட்டிலுள்ள மோட்டார் சைக்கிள் மறைந்துவிடும். “இதனால் ஒரு சதமும் கிடைக்காது, ஒரு சதமும் வெட்டுப்படாது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பிரதேச செயலகத்தில் தரவு கேட்டால் “மேலிடத்தில் கேளுங்கள்” என்று திருப்பி அனுப்புகிறார்கள்.
– வாசகர், திருகோணமலை நகர்

வாயால் கேட்டால் அப்படித்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று கிழமை. அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒப்புகைச் சீட்டு இல்லாமல் இந்த நாட்கணக்கு எதையும் நிறுவ முடியாது. கையில் கொடுத்தால் திகதி முத்திரை, தபாலில் அனுப்பினால் பதிவுத் தபால்.

விண்ணப்பங்கள் தோற்பது பெரும்பாலும் கேள்வியின் அமைப்பால். “காணி ஏன் வழங்கப்படவில்லை?” என்பது விளக்கம் கேட்பது. “2019 முதல் 2024 வரை கிடைத்த காணி அனுமதிப்பத்திர விண்ணப்பங்கள், வழங்கப்பட்டவை, நிராகரிக்கப்பட்டவை ஆகியவற்றின் எண்ணிக்கை, ஆண்டுவாரியாக, கிராம உத்தியோகத்தர் பிரிவுவாரியாக” என்பது பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரக்கூடியது. ஆட்களின் பெயரைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். ஒரு விண்ணப்பத்தில் ஒரு விடயம் மட்டும்.

கரைவலைத் தொழிலாளர் பற்றிக் குழுக் கலந்துரையாடல் வைத்தோம். 18 பேர் வந்தார்கள், மூன்று பேர்தான் பேசினார்கள்.
– இளைஞர் கழகம், குச்சவெளி

பேசிய மூவரில் ஒருவராவது சம்மாட்டியாகவோ (வலை உரிமையாளராகவோ) சங்கத் தலைவராகவோ இருந்திருப்பார். முற்பணம் வாங்கி அவரிடம் வலை இழுப்பவர், பங்கு எப்படிப் பிரிகிறது என்று அவர் முன்னால் வாய் திறப்பாரா? ஆறு முதல் எட்டுப் பேர் போதும். வலை இழுப்போர், சம்மாட்டிமார், ஃபைபர் படகுக்காரர், கருவாடு போடும் பெண்கள் என்று தனித்தனியாக வையுங்கள். இடம் சங்கக் கட்டடமாக இருக்கக் கூடாது. மீன்கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குவலை பற்றிய பேச்சைக் கடைசிக்குத் தள்ளுங்கள். தொடக்கத்தில் எடுத்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வேறெதுவும் நடக்காது.

காலமும் முக்கியம். இங்கே கடல் அமைதியாக இருப்பது சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. அப்போதுதான் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களும் வாடி என்ற தற்காலிகக் கொட்டில் போட்டுத் தங்குவார்கள். வாடைக் காற்று அடிக்கும் கார்த்திகை, மார்கழியில் ஆட்கள் ஓய்வாகப் பேசுவார்கள் என்பது உண்மை. ஆனால் அப்போது மட்டும் போனால் வந்து போகிறவர்கள் உங்கள் ஆய்வில் இல்லாமலே போவார்கள், பிணக்கின் ஒரு தரப்பு மட்டும் பதிவாகும். இரு பருவத்திலும் போங்கள். வெள்ளி நண்பகலும் நோன்புக்கால மாலைகளும் வேண்டாம்.

குடித்தொகைக் கணக்கெடுப்பு எண்களை வைத்து மாவட்டத்தின் இன விகித மாற்றத்தை எழுதலாமா?
– வரலாற்று ஆர்வலர், தம்பலகாமம்

எழுதலாம், அவசரப்படாமல். 1981இல் 255,948 பேர். மூன்று சமூகங்களும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு. 2012இல் 379,541 பேர். முஸ்லிம்கள் பத்தில் நான்கு, தமிழர் பத்தில் மூன்று, சிங்களவர் கால்வாசிக்குச் சற்று மேல். நடுவே 31 ஆண்டுகள். 2001 கணக்கெடுப்பு போரினால் இங்கே முழுமையாக நடக்கவில்லை. 2007இல் கிழக்கு மாகாணத்துக்கென்று தனியாக ஒன்று எடுத்தார்கள், அதுவும் இடப்பெயர்வு ஓயாத காலம். இரு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து “ஆண்டுக்கு இவ்வளவு” என்று எழுதினால் 1990இன் ஓட்டமும் 2004இன் கடல்கோளும் 2006இன் இடப்பெயர்வும் அந்தக் கோட்டுக்குள் மறைந்துவிடும். பிறப்பு, குடியேற்றம், வெளியேற்றம் மூன்றும் சேர்ந்துதான் ஒரு விகிதத்தை மாற்றுகின்றன. கணக்கெடுப்பு அவற்றின் கூட்டுத்தொகையை மட்டுமே காட்டும். எந்தத் தரப்பின் கட்டுரையைப் பார்த்தாலும் மூன்றில் தனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்திருப்பார்கள். பிரதேச செயலகப் பிரிவு மட்டத்துக்கு இறங்கினால் எல்லைகள் மாறியுள்ளனவா என்று முதலில் பாருங்கள். இன்று இருக்கும் 11 பிரிவுகளும் 1981இன் பிரிவுகளும் ஒன்றல்ல.

பதிலளிப்பவர்களுக்குப் பணமோ பொருளோ கொடுக்கலாமா?
– கள உதவியாளர், வெருகல்

அரைநாள் கூலியை இழந்து வந்தால் அந்தக் கூலியைக் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு, பேசி முடித்த பின். உலர் உணவுப் பொதி வேண்டாம். பொதியோடு போனால் நீங்கள் நிவாரணம் கொண்டுவந்தவர். உங்கள் பகுதி வேடர் கிராமங்களில் அப்படி வந்துபோனவர்கள் ஏற்கெனவே அதிகம்.

பேட்டியின் நடுவே ஒரு பெண் கணவர் அடிப்பதாகச் சொல்லி அழுதார். கேள்விக்கொத்தைத் தொடர்வதா நிறுத்துவதா தெரியவில்லை.
– பெயர் வேண்டாம்

பேனையை வையுங்கள். தொடர்வதா, இன்னொரு நாளா, வேண்டவே வேண்டாமா என்பதை அவரிடமே விடுங்கள். “ஏன் பொறுத்துக்கொண்டீர்கள்?” என்று கேட்கக் கூடாது, கணவரிடம் பேசிப் பார்ப்பதாக வாக்குக் கொடுப்பது ஆபத்து. 1938 பெண்களுக்கான உதவி எண். பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1929. உயிரை மாய்க்கும் எண்ணம் பேச்சில் வந்தால் 1926. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு உதவும் ‘மித்துரு பியச’ என்ற பிரிவு உண்டு. மருந்துக்குப் போவதுபோலப் போய்வரலாம் என்பதால் பலருக்கு அதுவே இலகு. நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளை பெற 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. போவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. எண்களைத் துண்டுப் பிரசுரமாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள், வீட்டில் அகப்பட்டால் அதுவே இன்னொரு அடிக்குக் காரணமாகும். காய்ச்சல், நீரிழிவு, கிளினிக் நாள் என்று பலதும் உள்ள சிறு அட்டையில் இடையே ஒரு வரியாக இருக்கட்டும்.

இத்தகைய கேள்விகள் இருந்தால் ஆய்வின் வெளிப்பெயர் ‘பெண்கள் உடல்நலம்’ என்றிருப்பது நல்லது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேளுங்கள், அதே வீட்டு ஆணிடம் அதே தலைப்பைத் தொடாதீர்கள். யாராவது உள்ளே வந்தால் உடனே திருப்புவதற்குச் சமையல், தண்ணீர் பற்றிய பக்கம் ஒன்று கேள்விக்கொத்தில் தயாராக இருக்க வேண்டும். பெயரும் முகவரியும் ஒரு கொப்பியில், விடைகள் வேறொன்றில், நடுவே ஓர் இலக்கம் மட்டும். இரண்டையும் ஒரே பையில் கொண்டு திரியக் கூடாது. கைப்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தைக் கள உதவியாளர்களிடம் முதல் நாளே நிறுத்துங்கள்.